படம் மங்கலானாலும் குரல் கேட்கணும்

கேமிங் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுக்கிறவனிடம் ஊர் உலகமெல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்த விலைக்குள்ள எல்லா கேமும் ஓடுமா?"

ஓடாது. ஆனால் அதைச் சொன்னால் வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் "ஓடும், ஆனா..." என்று ஆரம்பித்து, அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அரை மணி நேரம் பேசுவேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எனக்குக் கடை. மாலையில் கூட்டம் குறைந்ததும் புதிதாகப் பொருத்திய பெட்டியைச் சோதிக்கிறேன் என்ற சாக்கில் நானும் ஆன்லைனில் நாலு பேரோடு சேர்ந்து சுட்டுக்கொண்டிருப்பேன். நீங்களும் விடிய விடிய வீடியோ பார்த்து, பாகம் பாகமாக விலை விசாரித்து, கடைசியில் ஃபேனில் கலர் கலராக விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக நல்ல பாகத்தைத் தியாகம் செய்தவராக இருந்தால், நாம் ஒரே ஜாதி. உட்காருங்கள்.

எலுமிச்சைக் கணக்கு

புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, கல்லூரி படிக்கும் மகனோடு வந்தார். மகன் ஒரு மாதமாக எனக்கு மெசேஜ் அனுப்பி எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தான். அப்பா வருவது பணம் கொடுக்க மட்டும்தான் என்பது எங்கள் இருவர் நினைப்பு. பழைய கிராபிக்ஸ் கார்டு மூன்றை மேஜையில் வைத்தேன். கேமில் படத்தை ஓட்டுவது இந்தக் கார்டுதான், பட்ஜெட்டில் பாதியை விழுங்குவதும் இதுதான்.

அண்ணாச்சி ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். லேசாகக் குலுக்கினார். இருப்பதிலேயே கனமானதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "அது மூணுலயும் ரொம்பப் பழசு அண்ணாச்சி, கரண்டைக் குடிக்கும், வேகமும் கம்மி" என்றேன். மகன் கெஞ்சினான். நான் செல்போனில் ஒப்பிட்டுக் காட்டினேன். அவர் எதையும் பார்க்கவில்லை. மகன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அண்ணாச்சி அந்தக் கார்டைத் தட்டிக் கொடுத்தபடி சொன்னார்: "நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க, கனமான பழத்துலதான் சாறு இருக்கும்."

விசித்திரமான ஆர்டர்

கடையநல்லூரிலிருந்து ஷமீமா என்ற பெண் தனியாக வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கலாம். தென்காசி பக்கத்தில் இருக்க இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். அங்கே கடைக்காரர்கள் எல்லாம் வீட்டு ஆட்களுக்குத் தெரிந்தவர்கள் என்றாள். வீட்டில் கணக்கு எழுதுகிற கோர்ஸ் படிக்கக் கம்ப்யூட்டர் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அதில் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி விளையாட்டு ஓட வேண்டுமாம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெண்பிள்ளை ஒருத்தி கேமிங் பெட்டி கேட்டு வருவது இங்கே தினம் நடக்கிற காரியமா? எந்தக் கார்டு போட்டால் எவ்வளவு துல்லியமாகப் படம் வரும், எதிரி எத்தனை தூரத்தில் வந்தாலும் தெரியும் என்று விளக்கித் தள்ளினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மைக் வைத்த ஹெட்செட் எது நல்லது என்று கேட்டாள். அதை நான் இலவசமாகவே தருகிறேன் என்றேன். இலவசமாகத் தருகிற ஹெட்செட் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், முகம் வாடிவிட்டது. நான் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி கார்டைப் பற்றியே பேசினேன். போகும்போது படியில் நின்று திரும்பிச் சொன்னாள்: "படம் மங்கலா இருந்தாலும் சரிண்ணே, நான் மெதுவாப் பேசுனாலும் அவங்களுக்குக் கேக்கணும்."

புற்றுமண்

கோயில் பக்கத்து வீதியில் ஒரு வாடிக்கையாளரின் பெட்டி, கேம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் சூடாகி அணைந்து போகிறது என்று புகார். திறந்து பார்த்தால் ஃபேன் இறக்கைகள் முழுக்கச் செம்மண் படிந்திருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணின் மகிமை உங்களுக்குத் தெரியும். உடம்பில் கட்டி, கொப்புளம் என்றால் முதலில் அதைத்தான் குழைத்துப் பூசுவோம். அந்த வீட்டு அம்மா தினமும் குளித்துவிட்டு வந்து பெட்டியின் காற்றுத் துளைகளில் ஒரு சிட்டிகை வைத்து வந்திருக்கிறார்.

மகன் கோபத்தில் குதித்தான். நான் தூரிகையால் துடைத்துக்கொண்டே, உள்ளே காற்று போக வழியில்லாமல்தான் இவ்வளவு சூடு என்று பக்குவமாகச் சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே கேட்டார்: "மனுசச் சூட்டுக்கே கேக்குது, இந்தப் பெட்டிச் சூட்டுக்குக் கேக்காதாய்யா?"

மைக் டெஸ்ட்

ஷமீமா இரண்டு வாரத்தில் திரும்பி வந்தாள், இலவச ஹெட்செட்டைக் கையில் பிடித்தபடி. கரகரவென்று இரைகிறதாம். நான் கொஞ்சம் எரிச்சலோடுதான் வாங்கினேன். கடைக் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டை அவளுடைய பெயரில் திறக்கச் சொல்லி, ஹெட்செட்டை என் தலையில் மாட்டிக்கொண்டு சோதித்தேன். அவளுடைய டீமில் இன்னொரு ஆள் மட்டும் ஏற்கெனவே காத்திருந்தார். இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல் வந்தது: "ஏட்டி ஷமீமா, சாப்டியா? இன்னைக்கு என்ன கொழம்பு?"

நான் சட்டென்று ஹெட்செட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது. அப்புறம் அவளே சொன்னாள். கணவர் திவான் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கல்யாணம் முடிந்த மறு மாதமே விமானம் ஏறிவிட்டார். இவளுக்கென்று தனிப் போன் கிடையாது, வீட்டுக்குப் போன் வந்தால் மாமியார் தொடங்கி எல்லார் கைக்கும் போய், கடைசியில்தான் இவள் கைக்கு வரும். அப்போதும் சுற்றி ஆள் இருக்கும். விளையாட்டு என்றால் யாரும் பக்கத்தில் வந்து நிற்பதில்லை, காதில் மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்துக் குரலும் வெளியே கேட்காது. அங்கே வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அவர் சிநேகிதர் ஒருவரின் பெட்டியில் உட்காருவாராம். இரண்டு பேரும் சுடுகிற சத்தத்துக்கு நடுவில் பேசிக்கொள்கிறார்கள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கார்டு கார்டு என்று நான் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் நினைவுக்கு வந்தது. கடையில் இருந்ததிலேயே நல்ல ஹெட்செட்டை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு ஷமீமா சொன்னாள்: "இப்பிடியாவது பேசலன்னா, அவங்க திரும்பி வாரப்ப யாரோ எவரோ மாதிரில்லாண்ணே இருக்கும்."

தறிக்குப் பின்னால் ஒரு போர்க்களம்

முருகன் என்ற இளைஞனின் பெட்டி, டீம் ஜெயிக்கப் போகிற நேரம் பார்த்துத் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. டீமில் இருந்த மற்ற நாலு பேரும் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். கரண்ட் கொடுக்கும் பாகத்தை மாற்றினேன், மெமரியை மாற்றினேன், சாமி படத்தைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். கடையில் வைத்து ஓட்டினால் கல்லு மாதிரி ஓடியது, வீட்டுக்குப் போனால் மறுபடி அதே கதை.

கடைசியில் அவன் வீட்டுக்கே போய் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. காபி குடிக்க வந்த அவன் அப்பா பின்கட்டில் இருந்த விசைத்தறிக்குத் திரும்பிப் போய் ஸ்விட்சைப் போட்டார். டியூப்லைட் ஒரு தரம் கண் சிமிட்டியது. பெட்டி அணைந்தது. நானும் முருகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தறிக்கு ஒரு லைன், கம்ப்யூட்டருக்கு ஒரு லைன் என்று பிரித்து, ஒரு யூ.பி.எஸ்ஸும் வைக்கச் சொன்னேன். அதுவரைக்கும் மகன் விளையாடும் நேரம் மட்டும் தறியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நூல் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தறி நின்னா வீடே நிக்கும். ஒம்ம பெட்டி நின்னா என்னவே நிக்கும்?"

ஒரு மாமியாரின் சந்தேகம்

பெட்டியில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரைப் பார்த்து ஷமீமாவின் மாமியார் எனக்குப் போன் செய்தார். "தம்பி, இதை நீங்களே திருப்பி எடுத்துக்கிடுதியளா? படிக்கன்னு சொல்லி வாங்கிட்டு எந்நேரமும் அதுல ஆளைச் சுட்டுக்கிட்டு இருக்கா." புளியங்குடியில் வேறு வேலையும் இருந்ததால் அப்படியே கடையநல்லூருக்கும் போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே போனேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் வீட்டில் தலை நிமிர முடியாது. சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவர்களுக்கு இருக்கிற ஒரே கதவையும் நானே சாத்தியவனாவேன்.

மாமியார் தேத்தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். ஷமீமா உள்ளறை வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்ப திருப்புனா பாதி விலைகூடத் தேறாதும்மா" என்றேன். ஒரு வருஷம் கழித்துக் கொடுத்தால் என்று கேட்டார். இன்னும் குறையும் என்றேன். என் தொழிலில் நான் சொன்ன பொய்கள் ஏராளம், ஆனால் இது முழு உண்மை. அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

"அப்ப கெடந்துட்டுப் போகட்டும்" என்றார் மாமியார். எனக்கு உயிர் வந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் கூடவே வந்தவர், உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "அது சரி தம்பி, சுட்டு வெளையாடுத வெளையாட்டுல இவ என்னத்துக்கு வெக்கப்பட்டுச் சிரிக்கா?"

இரண்டாவது பெட்டி

திவான் லீவில் வந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். ஒரு பாக்கெட் பேரீச்சம்பழத்தோடு ஷமீமாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து, இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். அங்கே கொண்டு போகவா என்று கேட்டேன். "இல்ல அண்ணாச்சி, நம்ம வீட்டுக்குத்தான். அதே ரூம்ல வைக்கணும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஷமீமா கடையில் தொங்கிய வயர்களை எண்ணிக்கொண்டிருக்கிற மாதிரி மேலே பார்த்தாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பகலெல்லாம் அவரைப் பார்க்க ஆள் வந்து போய்க்கொண்டிருக்கிறது. தனியாக இருக்கும்போது எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. இத்தனை நாள் குரலோடு மட்டுமே பழகியவர்களுக்கு முகத்தைப் பார்த்ததும் பேச்சு அடைத்துக்கொள்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் லீவு முடிந்துவிடும். இப்படியே ஏறிப் போய்விடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். கேட்ட எனக்கும் பயமாக இருந்தது.

வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்னது அன்றைக்குத்தான். கடையில் சும்மா கிடந்த ஒரு பழைய பெட்டியைத் துடைத்து, இரண்டாவது ஹெட்செட்டோடு லீவு முடிகிறவரைக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்காருகிற மாதிரி இரண்டு மேஜையைப் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொல்லி ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாளிலேயே பெட்டி திரும்பி வந்துவிட்டது. கெட்டுப் போய்விட்டதா என்று பதறிப்போய்க் கேட்டேன். அவர்கள் படிக்கட்டில் ஏறும்போதே இருவர் பேச்சும் எனக்குக் கேட்டிருந்தது, அதிலும் ஷமீமாவின் குரல்தான் பெரிதாக. மெதுவாகத்தான் பேசுவேன் என்று சொன்ன அதே பெண்தான். திவான் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "வெளையாடிக்கிட்டு இருக்கையில கரண்ட் போயிட்டுண்ணே, ரெண்டு பெட்டியும் அணைஞ்சிட்டு. அதைக் கண்டுக்கிடாம ஹெட்செட்டைக் கழட்டாமலே நாங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்திருக்கோம்."

கரண்ட் போன பிறகும் நின்றுவிடாமல் ஓடிய ஒரே ஒரு செட்டைத்தான் இத்தனை வருஷத்தில் நான் பொருத்திக் கொடுத்திருக்கிறேன், அதற்கு என்ன கார்டு போட்டேன் என்று கேட்டு மட்டும் தயவுசெய்து யாரும் கடைக்கு வந்துவிடாதீர்கள்.