நான்கு பக்கமும் தொட்டி நிறையக் கெண்டையும்

வால்யேவோவில் விதோசாவாவைத் தெரியாதவர்கள் குறைவு. சந்தைக்குப் பின்னால் இருக்கும் சலவைக் கடையில் அவள் இஸ்திரி போடுகிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே கடை, அதே நீராவி, அதே முதுகுவலி. எந்த வீட்டுக் கோட்டில் எந்த வீட்டு வாசனை வருகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்க மாட்டாள். ஊரே அவளை விதா என்று கூப்பிடும். அவள் நாவல் எழுதுகிறாள் என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது. அது அவள் புருஷன் ரதிஷாவுக்கும், அவனுடைய தம்பி பெண்டாட்டி ஸோரிட்சாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். இருவரையும் அவள் நம்பினாள்.

மகள் வியன்னாவுக்குப் போனபோது பழைய மடிக்கணினியை விட்டுவிட்டுப் போனாள். அதில்தான் விதா இணையத்தில் நாவல் எழுதுகிறவர்களின் கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஸராயெவோவில் ஒரு பல் மருத்துவர், நோவி சாதில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், இன்னும் முகம் தெரியாத பலர். நவம்பர் மாதம் முழுக்கத் தினமும் நான்கு பக்கம் எழுத வேண்டும். சாயங்காலம் 'முடித்தேன்' என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். ஒரு நாள் தவறினால் வெளியே போக வேண்டியதுதான். பரிசும் கிடையாது, அச்சில் வருவதும் கிடையாது. பைத்தியக்காரத்தனம் என்று சொல்லலாம்தான். கைக்காசைச் செலவழித்து மலையேறிக் காலை ஒடித்துக்கொள்கிறவர்களை நாம் அப்படிச் சொல்வதில்லை.

மூன்று நவம்பர் அவள் முயன்றாள். மூன்றும் ஒரே இடத்தில் செத்தன. அந்த இடத்தின் பெயர் ஸ்லாவா.

எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு, அவருக்கு ஒரு திருநாள் உண்டு. அதுதான் ஸ்லாவா. ரதிஷா குடும்பத்துக்குத் தேவதூதர் மிக்கேல். அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிற சொத்து அது. விதாவுக்குக் கல்யாணத்தின் வழியாக வந்த வேலை. அந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. மறக்காதவன் தானே வருவான். வந்தவனைத் திருப்பி அனுப்புவது எங்களில் எந்தக் கழிசடையும் செய்யாத காரியம். வர வேண்டாமென்றால் முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட வேண்டும், அல்லது பத்திரிகையில் இரண்டு வரி போட வேண்டும். சாவு விழுந்த வீடுகள் அப்படித்தான் செய்யும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மெழுகுவர்த்தி எரிகிறவரை வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. நின்றபடியே விருந்தாளிகளுக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும். அது புனிதருக்குச் செய்யும் மரியாதை. ஒவ்வொரு வருஷமும் சாயங்காலம் ரதிஷா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, "இன்னிக்கு முழுக்க நின்னே இருந்தேன்பா" என்பான். எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். மூன்று நாளாக நின்றுகொண்டிருந்த விதா அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அவள் நிற்பதற்கு வழக்கம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இந்த வருஷம் செப்டம்பரிலேயே அவள் பேச்சை எடுத்தாள். தோட்டத்து மிளகாயைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். ரதிஷா நல்ல மனநிலையில் இருந்தான்.

"ரதிஷா, ஒண்ணு கேட்கணும். இந்த வருஷம் ஸ்லாவாவை நம்ம ரெண்டு பேரோட முடிச்சுக்கலாமா? மெழுகுவத்தி, ரொட்டி, ஒரு மீன். கும்பல் எல்லாம் உன் தம்பி வீட்டுல கூடட்டும்."

"ஏன், உனக்கு உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எழுதி முடிக்கணும். ஒரே ஒரு தடவை. முடிச்சிட்டா அடுத்த வருஷம் ஊரையே கூட்டிட்டு வா, வாய் திறக்காம ஆக்கிப்போடறேன்."

ரதிஷா கரி படிந்த விரலால் மூக்கைச் சொறிந்தான். "சரி. நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். தம்பி திஹோமிர்கிட்டயும் பேசிடறேன். நீ எழுது, போ."

"நிஜமா?"

"நான் சொன்னா சொன்னதுதான். எத்தனை வருஷமா பார்க்கிற?"

அவள் நம்பினாள். நம்பாமலிருக்க அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அவளுடைய நாவலே அந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது. வயதுப் பெண்ணாக அவள் தையல் பள்ளியிலிருந்து மலையூருக்குக் கடைசிப் பேருந்தில் திரும்புவாள். ஒரு நாள் பனியில் அவள் வரத் தாமதமாகிவிட்டது. பேருந்து போயிருக்கும் என்று அழுதுகொண்டே ஓடிவந்தாள். போகவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஓட்டுநர், உள்ளே இருந்தவர்கள் கத்தக் கத்த, எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான். அவன்தான் ரதிஷா. நாவலில் அந்த ஓட்டுநருக்கு வேறு பெயர் வைத்திருந்தாள், மூக்கை மட்டும் மாற்றவில்லை. கதை முழுக்க அந்தப் பேருந்து நிற்கிறது. உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ரோட்டைப் பார்க்கிறான்.

நவம்பர் பிறந்தது. சாப்பாடு முடிந்ததும் அன்றைய பக்கங்களை ரதிஷாவுக்குப் படித்துக் காட்டுவாள். அவன் சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்பான். படித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பான்.

"பஸ் இன்னும் நிக்குதா?"

"நிக்குது."

"டீசல் தீந்திடப் போகுதுடி."

இருவரும் சிரிப்பார்கள். பிறகு அவள் கூட்டத்தில் 'முடித்தேன்' என்று எழுதுவாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேள்விப்பட்டதில்லை. கடையில் இஸ்திரி போடும்போது வாய்க்குள் வசனம் பேசுகிறாள் என்று முதலாளி கிண்டல் செய்வாராம்.

இப்படியே ஸ்லாவா வந்தது. அது வெள்ளிக்கிழமையில் விழுந்தது. விரத நாள் என்பதால் இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது, மீன்தான். காலையில் ரதிஷா ஸ்லாவா ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, பாதிரியார் கையால் வெட்டி வாங்கிவரக் கோயிலுக்குப் போனான். விதா ஒரு சட்டி அவரையை அடுப்பில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். கதையில் அந்தப் பெண் பனியில் ஓடிவர வேண்டிய இடம். முதல் வரியை எழுதியிருப்பாள், பக்கத்து வீட்டு ஷிவோயின் கொல்லைக் கதவைத் தட்டினார். கையில் வாளி. வாளியில் ஒரு பெரிய கெண்டை வாலை அடித்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, மிச்சத்தை எப்ப எடுத்துக்கறீங்க? என் பெண்டாட்டி கத்துறா. ஒரு வாரமா துணி துவைக்கற தொட்டியில மீனு நீந்துது."

"எந்த மீனுண்ணே?"

"உங்க மீனுதான். ரதிஷா கொண்டாந்து விட்டான். விருந்துக்குன்னு சொன்னானே." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். "உனக்குத் தெரியாதா? ஐயய்யோ, நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்."

விதா வேலி வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாள். தொட்டியில் கறுப்பு முதுகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு திரும்பின. ஒரு ஊருக்குப் போதும்.

அவள் ஸோரிட்சாவுக்குப் போன் செய்தாள். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்தி, அக்கா அக்கா என்று காலைச் சுற்றுகிறவள்.

"ஸோரிட்சா, இன்னிக்குக் கும்பல் உங்க வீட்டுலதானே?"

"அக்கா... மாமா உன்கிட்ட இன்னும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"எங்க வீட்டுல ஏதுக்கா அவ்வளவு இடம்? நாங்களும் அங்கதான் வர்றோம். மாமாதான் செப்டம்பர்லயே சொன்னாரு, 'அவ எழுதட்டும், அதுவரைக்கும் விளையாடட்டும். வாசல்ல ஆள் வந்து நின்னா கை தானா கரண்டியைப் புடிக்கும்'னு. நாங்க எல்லாம் சிரிச்சோம். சும்மா தமாஷுக்குத்தான்கா. கோச்சுக்காத."

செப்டம்பர். அப்படியானால் மிளகாய்க் கரி கையில் காய்வதற்குள்ளேயே அவன் தம்பி வீட்டில் போய்ச் சிரித்திருக்கிறான். சோபாவில் சாய்ந்து கண்ணை மூடி 'பஸ் இன்னும் நிக்குதா' என்று கேட்ட ஒவ்வொரு சாயங்காலமும் அவனுக்குத் தெரியும். மீன் தொட்டியில் நீந்திய இந்த வாரம் முழுக்கத் தெரியும். வேண்டாம் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், ஆறியும் போயிருப்பாள். அவன் அவளுக்குக் கதை கேட்கிற மாதிரி நடித்திருக்கிறான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆனால் கொடுமையைக் கேளுங்கள். போனை வைத்த கையோடு அவள் வாளியிலிருந்த கெண்டையை எடுத்துப் பலகையில் போட்டு, மண்டையில் ஒன்று போட்டு, செதில் உரிக்கத் தொடங்கியிருந்தாள். பாதி உரித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். கை தானாகக் கத்தியைப் பிடித்திருந்தது. அவன் சொன்னது அப்படியே நடந்திருந்தது. உடம்பெல்லாம் கூச, கத்தியைப் போட்டாள்.

ரதிஷா ரொட்டியோடு உள்ளே வந்தான். பலகையில் மீனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஷிவோயின் சொல்லிட்டாரா? நல்லதாப் போச்சு. நானே எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்."

"நீ யார்கிட்டயும் சொல்லலை."

"எப்படிடி சொல்றது? ஸ்லாவாவுக்கு வராதீங்கன்னு சொன்னா வீட்டுல யார் செத்தான்னு கேட்பான். எங்கப்பன் போரிலயும் இந்தக் கதவைச் சாத்தினதில்ல. ஒரு நாள்தானே, விதா. நாளைக்கு எட்டுப் பக்கமா எழுதிக்க."

"ஒரு நாள் விட்டா வெளியே போகணும். உனக்கு அது தெரியும்."

"அட, அவங்க யாரு? முகம் தெரியாதவங்க. இங்க வரப்போறது நம்ம ஜனம்."

"என்னை முட்டாளாக்கி ஊரையே சிரிக்க வெச்சிருக்க. நான் தினம் உனக்குப் படிச்சுக் காட்டினேன், ரதிஷா."

அவன் ரொட்டியை மேஜையில் வைத்து மெழுகுவர்த்தியை ஏற்றினான். "இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க. மத்த மீனையும் கொண்டாரட்டுமா?" என்றான், பக்கத்து வீட்டைப் பார்த்தபடி.

விதா ஏப்ரனைக் கழற்றி அவன் தோளில் போட்டாள். கை கழுவினாள். கோட்டை மாட்டினாள், மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு கொல்லை வழியாக வெளியே போனாள். கோபத்தில் ஒரு நடை நடந்துவிட்டு வருவாள் என்று அவன் நினைத்தான். அவள் ஷிவோயின் வீட்டுக் குளிர்ந்த முன்னறையில் உட்கார்ந்து, திரையை வெறித்தபடி, ஒரு வரியும் எழுதாமல் அழுதாள். எழுதிய பக்கங்களையெல்லாம் அழித்துவிடலாம் என்றும் ஒரு நேரம் தோன்றியது. அந்த ஓட்டுநரின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

மதியம் கார்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தவர் ஒப்ரென். அவர்கள் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர்; எங்களில் அந்த உறவு கூடப்பிறந்தவனுக்கும் மேல். அவர் ஒயின் புட்டியோடு முன்வாசல் மணியை அடித்தபோது, பின்னாலேயே வந்து நின்றாள் விதா.

கதவைத் திறந்த ரதிஷா ஏப்ரனோடு இருந்தான். நெற்றியில் மீன் செதில். "எங்க போய்த் தொலைஞ்ச? சட்டி கருகுது! வா உள்ள!"

"ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே" என்றாள் விதா. சிலுவை போட்டுக்கொண்டாள். வருகிற எல்லோரையும் போல, வாசலில் வைத்திருந்த இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள், ஒயினில் ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு நேராக மேஜைக்குப் போய் ஒப்ரெனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் ஸ்லாவா மேஜையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன விளையாட்டு இது?" என்றான் ரதிஷா.

"விருந்தாளி. யாரும் கூப்பிடலை, நானா வந்தேன். திருப்பி அனுப்புவியா?"

ஒப்ரென் எதையோ சொல்ல வாயெடுத்து, அவள் கண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டார். தன் தட்டைத் தள்ளி மடிக்கணினிக்கு இடம் விட்டார். திஹோமிர் வந்தான், சித்தப்பா மக்கள் வந்தார்கள், டிப்போவிலிருந்து ஓட்டுநர்கள் வந்தார்கள். ஸோரிட்சா உள்ளே நுழைந்து, விதாவைப் பார்த்து, "அக்கா..." என்று இழுத்தாள்.

"நீயும் விருந்தாளிதான், ஸோரிட்சா. உட்காரு. சமைக்கறதைப் பார்த்தா நல்லா சிரிப்பு வரும்."

ஸோரிட்சா முகம் சிவந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு ஓடினாள். உள்ளே எண்ணெய் சீறியது, ஏதோ உடைந்தது, ரதிஷா யாரையோ திட்டினான். வந்தவர்கள் வானிலை பற்றிப் பேசினார்கள். அவரைச் சட்டி அடிப்பிடித்திருந்தது. மீன் ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. விதா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். விரல்கள் நிற்கவில்லை. நான்காவது பக்கம் முடிந்ததும் எல்லோர் எதிரிலும் 'முடித்தேன்' என்று அனுப்பினாள். அவள் நினைத்திருந்த சந்தோஷம் வரவில்லை.

ரதிஷா ஒரு துண்டு மீனைத் தட்டில் வைத்து அவள் முன் வைத்தான். வியர்த்திருந்தான். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், பழைய குரலில் கேட்டான்: "பஸ் இன்னும் நிக்குதா?"

"இல்ல. கிளம்பிடுச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான். "அந்தப் பொண்ணு வரலையா?"

"வந்துட்டுதான் இருந்தா. பனியில ஓடி வந்தா. டிரைவர் கண்ணாடியில பார்த்தான்." விதா மடிக்கணினியை மூடினாள். "பார்த்துட்டுதான் எடுத்தான்."

ரதிஷாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. மெழுகுவர்த்தி இன்னும் பாதிகூட எரியவில்லை. அவன் நின்றுகொண்டிருந்தான்.