பப்பாளி மரத்தைச் சுற்றி ஓடிய ரயில்

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். முன்னால் வர வேண்டியது பின்னால் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். பெயர்கள் மறந்துவிட்டன, வருஷங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள் நான். தாளில் எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு தைரியம்.

போன வாரம் மகன் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது. பெட்டியைச் சுற்றி மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை. மருமகள் கத்தரியால் நறுக்கினாள், சத்தமே இல்லை. அந்தக் காலத்தில் மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வரும் பெட்டிக்கெல்லாம் இரும்புப் பட்டைதான். வெட்டினால் பாம்பு மாதிரித் துள்ளும். அப்பாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது, அப்படித் துள்ளினது கீறியதுதான். அந்தப் பட்டையைத் தொட்ட கையை மோந்தால் ஒரு வாசனை வரும். துருவும் உப்பும் கலந்த வாசனை. மருமகள் பிளாஸ்டிக் பட்டையைக் குப்பையில் போட்டாள். நான் போய்க் கையைக் கழுவிக்கொண்டேன். எதையும் தொடவில்லை, ஆனாலும் கழுவினேன்.

அப்பா ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கும் வின்ச் ஓட்டினார். ராமநாதபுரம் பக்கத்து ஆள். எங்களுக்குத் தகரக்கூரை போட்ட மரக் குவார்ட்டர்ஸ். பின்னால் நாலு சேலை காயப்போடுகிற அளவுக்கு ஒரு தோட்டம், நடுவில் ஒரு பப்பாளி மரம். வீட்டில் அப்பா, அம்மா, நான், என் தங்கை மயிலு. நாங்கள் இரண்டு பேரும் இங்கேயே பிறந்தவர்கள். கப்பல் பார்த்திருக்கிறோம், படகு பார்த்திருக்கிறோம், யானை கட்டை இழுப்பதைக்கூடப் பார்த்திருக்கிறோம். ரயில் பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயது, மயிலுக்கு ஆறு நடக்கும்போது ஊரிலிருந்து கடிதம் வந்தது. மாமாவுக்குக் கல்யாணம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குப் பரீட்சை. அம்மாவும் மயிலும் கப்பலில் மெட்ராஸ் போய், அங்கிருந்து ரயிலில் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. ரயில் என்றால் என்ன என்று மயிலு கேட்டாள். இரும்பு வீடுகள் வரிசையாகக் கைகோத்துக்கொண்டு ஓடும் என்று அப்பா வேடிக்கையாகச் சொன்னார். அவ்வளவுதான், நான் போகமாட்டேன் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். வீடு ஓடினால் நாம் எங்கே நிற்பது என்று கேட்டாள். சாதம் இறங்கவில்லை. அம்மா அடித்துப் பார்த்தாள், வெல்லம் கொடுத்துப் பார்த்தாள்.

அப்பா சொன்னார்: "செஞ்சு காட்டிட்டா பயம் தெளிஞ்சிரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிப்பட்டைகளை ஒரு சுருள் கொண்டுவந்தார். படாக் மரத்துண்டுகளில் ரம்பத்தால் கீறி, பட்டையைக் குத்துவாட்டில் அதில் நிறுத்தினார். அதுதான் தண்டவாளம். பஜாரில் தையற்கடைக்குப் போய், நூல் தீர்ந்த மரக்கட்டைகளைக் கேட்டு வாங்கிவரச் சொன்னார் என்னை. நான் கடை வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுக் கேட்காமலே திரும்பினேன். மயிலுதான் போய்க் கேட்டாள். பாவாடையை ஏந்திக்கொண்டு ஒரு மடி நிறைய வாங்கிவந்தாள். ரயிலுக்குத்தான் பயந்தாளே தவிர, மனுஷர்களிடம் அவளுக்குப் பயம் கிடையாது.

நூல்கட்டைகள் சக்கரம் ஆயின. இரண்டு பக்கமும் விளிம்பு இருப்பதால் பட்டையைக் கவ்விக்கொண்டு ஓடும். பால் டின் எஞ்சின், மீன் டப்பாக்கள் பெட்டி. கவைக்குச்சியால் தள்ளினால் போகும். பப்பாளி மரத்தைச் சுற்றி வட்டமாகப் பாதை போட்டார். வட்டமா என்றால் முழு வட்டமில்லை, அம்மாவின் துவைகல் பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கும். அங்கே மட்டும் வண்டி தினமும் கவிழும். நிஜப் பாதையில் கருங்கல் ஜல்லி கொட்டியிருப்பார்கள் என்று அப்பா சொன்னதால், நாங்கள் கடற்கரையில் பவளத் துண்டும் சிப்பியும் பொறுக்கிவந்து கொட்டினோம். வெள்ளை வெளேரென்று கிடந்தது.

ரயிலைச் செய்தது அப்பா. விளையாட்டைச் செய்தது நான். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்கவும் கூச்சம், அக்காவுக்குத் தெரியாததா என்று மயிலு நினைத்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கேட்பது? தெரிந்ததை வைத்து நானே செய்துவிட்டேன். வண்டி வந்து நின்றதும் கயிறு வீசி இரண்டு குச்சியில் கட்டுவேன். தீக்குச்சியில் ஏணி செய்து சாத்துவேன். சோளத்தட்டைப் பொம்மைகள் ஏணியில் ஏறும், இறங்கும். புறப்பட வேண்டுமானால் முதலில் ஏணியை எடுக்க வேண்டும், பிறகு கயிற்றை அவிழ்க்க வேண்டும், மூன்று தடவை நீளமாக ஊத வேண்டும். அதற்கு முன்னால் வண்டி நகராது. மயிலுக்கு இதெல்லாம் மனப்பாடம். நான் இரண்டு தடவை ஊதிவிட்டுத் தள்ளினால், "இன்னும் ஒண்ணு இருக்குக்கா" என்று குச்சியைப் பிடித்துக்கொள்வாள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு பெங்காலி அம்மா. மாஷி என்று கூப்பிடுவோம். ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்துவிட்டு, "அரே, யே ரேல் ஹை கி ஜஹாஸ்?" என்றார். இது ரயிலா கப்பலா என்று கேலி. அப்பா பல் துலக்கிக்கொண்டே, "ஹமாரா ரேல் ஐசா ஹி ஹை, தீதி" என்றார். எங்கள் ரயில் இப்படித்தான் என்று. இரண்டு பேரும் சிரித்தார்கள். மயிலுக்கு என்னவென்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

கப்பல் ஏறுகிற அன்றைக்கு அவளிடம் பயம் துளிகூட இல்லை. என்னிடம் ரகசியமாக வந்து, "ஒனக்கு என்னக்கா கொண்டாரட்டும்?" என்று கேட்டாள். நிஜ ரயில்பாதைக் கல் ஒன்று கொண்டுவா என்றேன்.

"ஒண்ணு எதுக்கு? மடி நெறயக் கொண்டாரேன்."

பதினைந்து நாளில் தந்தி வந்தது. பிள்ளையைக் காணோம், உடனே வரவும் என்று. உடனே எங்கே வருவது? கப்பல் வர இன்னும் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் அப்பா வேலைக்குப் போனார், வந்தார், துறையில் போய் நின்றார். பிறகு என்னை மாஷி வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினார்.

நான் தினமும் சாயங்காலம் வேலியைத் தாண்டிப் போய் ரயிலை ஓட்டினேன். ஏணியை எடுத்து, கயிறு அவிழ்த்து, மூன்று தடவை ஊதி. ஒரு சுற்று வந்ததும் மறுபடி கட்டுவேன். ஒழுங்காகச் செய்தால் அவள் வந்துவிடுவாள் என்று எனக்குள் ஒரு கணக்கு. மாஷி வந்து கையைப் பிடித்து அழைத்துப்போவார்.

நாலு மாதம் கழித்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். ஹேடோவில் ஏணியில் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பா இறங்கினார். அம்மா இறங்கினாள். ஏணியை எடுக்கிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அம்மா ஒரே மாதிரி சொல்லுவாள், ஒரு வார்த்தை மாறாது. வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷன், காலை வேளை, வண்டி நின்றிருக்கிறது. பெட்டிக்குள் அம்மா கப்பல் மயக்கம் தெளியாமல் கண் சொருகி உட்கார்ந்திருக்கிறாள். மயிலு இறங்குகிறேன் என்கிறாள். இறங்காதே, வண்டி போய்விடும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"'ஏணி இன்னும் எடுக்கலையேம்மா, மூணு தடவ ஊதவும் இல்ல'ன்னுச்சு. கப்பல்ல வந்த ஞாபகத்துல பேசுது புள்ளன்னு சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே கண்ணசந்துட்டேனே."

சுவரோரம் உட்கார்ந்திருந்த நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தது. இறங்கப் பல நாள் ஆயிற்று.

காய்ச்சல் விட்டபிறகு தோட்டத்தில் அப்பா மட்டும் இருக்கும்போது போய்ச் சொன்னேன். ஏணியும் ஊதுவதும் நான் சொல்லிக்கொடுத்தது என்று. கல்லும் நான்தான் கேட்டேன் என்று. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும்.

அவர் துவைகல்லில் உட்கார்ந்தார். அந்த ஸ்டேஷனில் முறுக்கு விற்கிற ஒரு பொம்பளை மயிலைப் பார்த்தாளாம். பிளாட்பாரக் கடைசியில், மடியில் ஜல்லிக்கல்லோடு உட்கார்ந்திருந்தாளாம். அழவில்லையாம். வண்டி போய்விட்டதே பாப்பா என்று கேட்டதற்கு, சுற்றிக்கொண்டு வரும் என்றாளாம். வியாபாரத்தைக் கவனித்துவிட்டு அந்தப் பொம்பளை திரும்பிப் பார்க்கும்போது கல் மட்டும் குவியலாகக் கிடந்ததாம்.

"ஏணி வெச்சது நீயி. வட்டமாப் போட்டது நானு" என்றார் அப்பா. "நேராப் போட்டிருக்கலாம் தாயி. எடமில்ல."

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். நாங்கள் சொல்லவில்லை. அம்மா போகிறவரைக்கும் அது கப்பல் ஞாபகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பயம் போக வேண்டும் என்றுதான் செய்தோம். போய்விட்டது.

அம்மாவை அதற்குப் பிறகு தனியாக விட முடியவில்லை, அதனால் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ரயிலை யாரும் பிரிக்கவுமில்லை, ஓட்டவுமில்லை. இரண்டு மழைக்காலத்தில் பட்டை துருப்பிடித்துப் பொடிந்தது. டப்பாக்களில் கொசு முட்டையிடுகிறது என்று யாரோ வந்து கவிழ்த்துவிட்டுப் போனார்கள். பப்பாளி ஒரு காற்றில் சாய்ந்தது. பவளத் துண்டுகள் மட்டும் வளையமாக வெகுகாலம் தெரிந்தன. வெளியாட்கள் பூச்செடிப் பாத்தி என்று நினைத்துக்கொள்வார்கள். இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை, கான்கிரீட் கட்டடம் நிற்கிறது. மாஷி இல்லை, அப்பா அம்மா இல்லை. மரத்தில் நூல்கட்டை வருவதில்லை. என் பேரப்பிள்ளைகள் விமானத்தில் போய் வருகிறார்கள். அவர்களுக்கு மூன்று தடவை ஊதினால் என்ன என்று தெரியாது. மயிலு இருந்தால் அவளுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கும். எங்கேயாவது இருக்கலாம். எனக்கு அப்படியும் தோன்றும்.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம், விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்த வேண்டும். பதினோரு நாளா ஒன்பது நாளா என்பது சந்தேகம். மெட்ராஸிலிருந்து ராமநாதபுரம் போகிற வண்டி அந்தக் காலத்தில் காலை வேளையில் எந்த ஸ்டேஷனில் நின்றிருக்கும் என்பதும் தெரியவில்லை. அம்மாவும் அப்பாவும் அந்த ஸ்டேஷன் பெயரைச் சொன்னதே இல்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் இந்த வயதுவரை ரயில் ஏறியதில்லை, பிள்ளைகளிடம் கேட்கவும் வெட்கம். ரயில் புறப்படும்போது எத்தனை தடவை ஊதும்? யாராவது சரியாகக் கவனித்துச் சொல்லுங்கள்.