வாய்க்கால் கரை மணத்தக்காளி

மூக்கை முகத்துக்கு அழகாக மட்டும் வைத்திருந்த மடையன் நான். இன்று அக்காவுக்காக வாங்கிய மணத்தக்காளிக் கீரைக்கட்டின் வாசனையில், ஆம்பூரில் இப்போது மாடிவீடுகள் நிற்கும் இடத்தில் அன்றிருந்த தோல் பதனிடும் ஷாப்பும், அதன் பின்னால் சுண்ணாம்புக் குழித் தண்ணீர் ஓடிய வாய்க்காலும், கரையில் கொழுகொழுவென்று வளர்ந்த கீரையும் திரும்பி வந்தன. வாய்ப்புண்ணால் கஞ்சிகூட இறங்காமல் அழுத அக்காவுக்கு, புண்ணை ஆற்றும் மருந்தென்று அதைத்தான் பெருமையாகப் பறித்துப் போனேன். தோல் வீச்சத்திலேயே வளர்ந்த தெரு. அம்மாவுக்கும் கீரையின் வாடையில் வித்தியாசம் தெரியவில்லை, கடைந்து வைத்தாள். நம்பி ஒரு வாய் உண்ட அக்கா எரிச்சலில் துடித்தாள். அவள் முகம் கோணியதைப் பார்த்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"சந்தைக் கீரை அக்கா, வாய்க்கு நல்லது," என்று இன்று வாங்கிய கட்டை நீட்டினேன்.

"மோந்து பாத்தியாடா?"