பாட்டிலில் ஒரு பென்சில் கோடு

அற்புதசாமிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவர் எப்படி வளருவார் என்று யோசித்திருக்க மாட்டார்கள். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் லாபரட்டரியில் இருபத்திரண்டு வருஷம் டெக்னீஷியனாக இருந்த அவர், எதையும் அற்புதம் என்று ஒப்புக்கொண்டதில்லை. பால்காரர் ஊற்றிய பாலில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் ஓடவிட்டுப் பார்ப்பார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் செருப்பைப் புரட்டித் தன்னுடையதுதானா என்று பார்த்த பிறகே காலை நுழைப்பார்.

"மைக்ராஸ்கோப்பை ஆஸ்பத்திரியிலயே வச்சுட்டு வாங்க" என்பாள் மனைவி டோரதி.

அவருடைய வேலைக்குச் சந்தேகம் தேவைதான். ஆனால் அதையே அறிவு என்று சொல்லிவிட முடியாது. சந்தேகத்துக்கும் ஒரு சோம்பல் உண்டு; பழகிய திசையிலேயே திரும்பும். அற்புதசாமியின் சந்தேகம் திரும்பிய திசையில் காத்தமுத்து நின்றான்.

காத்தமுத்து லாபரட்டரி அட்டெண்டர். திருவெள்ளறைக்காரன். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு தினமும் பாலம் கடந்து சைக்கிளில் வருவான். மதுவிலக்கு வந்த புதிதில் சாராயம் குடித்து மூன்று மாதம் உள்ளே இருந்தவன். அதன்பின் தொட்டதில்லை என்று அவன் சொன்னான். அற்புதசாமி அதை நம்பவில்லை. லாபரட்டரியில் ஸ்பிரிட் இருந்தது. பர்மிட்டில் வருவது, மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார். அதனால் 1957 மார்ச்சிலிருந்து, புதுப் பாட்டில் உடைத்த நாள் முதல், அதன்மேல் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, தினமும் சாயங்காலம் ஸ்பிரிட் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். காலையில் வந்ததும் குனிந்து பார்ப்பார். மட்டம் கோட்டிலேயே இருக்கும். அவன் பயந்துவிட்டான் என்று திருப்தியாக இருந்தது.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் வையம்பட்டியிலிருந்து வீரமலை என்ற விவசாயியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடுமையான காய்ச்சல், விலாவில் குத்தல், மூச்சு இழுப்பு. சளி லாபரட்டரிக்கு வந்தது. அற்புதசாமி அதைக் கண்ணாடியில் தடவி, அனலில் காட்டி, வழக்கப்படி ஒவ்வொன்றாக ஊற்றினார். முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின், அதன்பின் ஸ்பிரிட், கடைசியில் சிவப்புச் சாயம். ஸ்பிரிட் பட்டாலும் ஊதாவை விடாத கிருமிகள் ஒரு வகை. ஊதாவைக் கழுவவிட்டுச் சிவப்பை ஏற்பவை மற்றொரு வகை. கிராம் முறை என்பது இவ்வளவுதான். மருந்து எது என்பது பெரும்பாலும் அந்த நிறத்தைப் பொறுத்தது. லென்ஸின் கீழே ஊதா நிறத்தில் குட்டையான கிருமிகள் ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. நிமோனியாவுக்குச் சாதாரணமாகக் காரணமாகும் கிருமிதான். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் தாஜுதீன் பென்சிலின் ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் காலை டாக்டரே லாபரட்டரிக்கு வந்தார்.

"அற்புதசாமி, அந்த ஆள் இறங்கிக்கிட்டே போறார். சளி பசை மாதிரி இழுக்குது, செங்கல் கலர்ல. நீங்க சொன்ன கிருமி மாதிரி நடந்துக்கலையே."

"கிருமி எப்படி நடந்துக்கணும்னு நான் சொல்ல முடியாதுங்க. இருந்ததை எழுதினேன்."

"இன்னொரு தடவை பாருங்க. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் எனக்கு டைம் இருக்கு."

அற்புதசாமி புதுச் சளி வாங்கி மறுபடியும் செய்தார். மறுபடியும் ஊதா. வெற்றி பெற்றவர்போல நிமிர்ந்தவர், அப்படியே நின்றார். கடைசியாகச் சிவப்பைப் பார்த்தது எப்போது? முந்தின வாரத்துச் சிறுநீர், ஒரு புண்ணின் சீழ், இந்தச் சளி என்று எல்லாமே ஊதா. பத்து நாளாகத் திருச்சியில் ஒரே வகைக் கிருமிதான் இருந்தது என்றால் அதை எந்த டெக்னீஷியனும் நம்பக் கூடாது.

ஒரு குச்சியால் தன் பல் இடுக்கைச் சுரண்டிக் கண்ணாடியில் தடவினார். எந்த மனிதன் வாயிலும் இரண்டு வகையும் இருக்கும். நான்கையும் ஊற்றிப் பார்த்தார். அவர் வாயும் முழுக்க ஊதாவாக இருந்தது.

தப்பு கிருமியில் இல்லை; ஊதாவைக் கழுவ வேண்டியது ஸ்பிரிட். ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கண்ணாடியில் விட்டுத் தீக்குச்சியைக் காட்டினார். குச்சி அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது.

குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். அற்புதசாமி ஒரு தாளை இழுத்து, அட்டெண்டர் காத்தமுத்து ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டைத் திருடிக் குடித்துள்ளார், உடனே வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று சூப்பரின்டெண்டுக்கு எழுதிய பிறகு அவனைக் கூப்பிட்டார்.

"இதுல தண்ணி ஊத்தினியா?"

காத்தமுத்து பாட்டிலைப் பார்த்தான். "ஊத்தினேங்க."

அவன் மறுப்பான் என்றே அற்புதசாமி எதிர்பார்த்திருந்தார். "எவ்வளவு நாளாக் குடிக்கிறே?"

"குடிக்கலைங்க சார். காலையில வந்து கதவைத் தொறந்தா, நீங்க போட்ட கோட்டுக்குக் கீழ ஒரு நூல் இறங்கியிருக்கும். வெயில் ஏற ஏற இன்னும் ஜாஸ்தி. இன்ஸ்பெக்டர் வந்தா யாரைப் பிடிப்பாரு? நீங்க வந்தாலே என்னைத்தானே பார்ப்பீங்க. கோடு வரைக்கும் ஊத்தி வச்சுருவேன்."

"தானா எப்படி இறங்கும்?"

"அதை நீங்கதான் சார் சொல்லணும். மூடியை உடைச்சது நீங்க."

பாட்டிலின் வாயில் பஞ்சு அடைத்திருந்தது. மார்ச்சில் கண்ணாடி மூடி அற்புதசாமியின் கை தவறி விழுந்து உடைந்தது. புது மூடி வரும்வரை என்று அவரே பஞ்சை அடைத்தார். தகரக் கூரை, மேற்கு ஜன்னல், பக்கத்தில் கருவிகளைக் கொதிக்க வைக்கும் ஸ்டவ். இரண்டு மாதமாக ஸ்பிரிட் ஆவியாகிப் போனது. அதன் இடத்தில் தினமும் தண்ணீர் சேர்ந்தது. மட்டம் மட்டும் கோட்டிலேயே நின்றது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அற்புதசாமி அலமாரியிலிருந்து சீல் உடைக்காத பாட்டிலை எடுத்துத் திறந்தார். ஒரு சொட்டு நீலமாக எரிந்தது. வீரமலையின் சளியைப் புதிதாகத் தடவி அதே நான்கையும் ஊற்றினார். லென்ஸின் கீழே எல்லாம் சிவப்பு. ஜோடிகள் என்று எண்ணியவை உண்மையில் தடித்த குட்டைக் கோல்கள். ஊதா என்று முடிவு செய்த பிறகு அவர் வடிவத்தைச் சரியாகப் பார்க்கவேயில்லை. பென்சிலினுக்கு மசியாத வகை.

ரிப்போர்ட் புத்தகம் ஆபீசில் இருந்தது. கையில் கிடைத்த தாளில், முதல் ரிப்போர்ட் தவறு, கிராம் நெகட்டிவ் கோல்கள் என்று எழுதிக்கொண்டு வார்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். டாக்டர் அங்கேதான் இருந்தார். கட்டிலருகே வீரமலையின் மனைவி வள்ளிக்கண்ணு விசிறிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரய்யா, இவரும் ஊசி போடத்தான் வந்திருக்காரா? ஏற்கெனவே போட்டதே கேக்கலையே."

"இவர் எந்த ஊசின்னு சொல்ல வந்திருக்கார்" என்றார் டாக்டர் தாஜுதீன். தாளைப் படித்து நர்ஸிடம் ஸ்ட்ரெப்டோமைசின் கொண்டுவரச் சொன்னார். பிறகு தாளைத் திருப்பினார். "பின்னாடி என்னமோ காத்தமுத்துவைப் பத்தி இருக்கே?"

"அதுவும் தப்புங்க, டாக்டர்."

டாக்டர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "இன்னும் ஏதாவது இருக்கா?"

"மூடியை உடைச்சது நான். அதை எங்கேயும் எழுதலை."

ஊசி மாற்றிய ஐந்தாம் நாள் வீரமலைக்குக் காய்ச்சல் விட்டது. எழுந்து நடக்க இருபது நாளாயிற்று. வள்ளிக்கண்ணு ஊருக்குப் புறப்படும்போது டாக்டரைக் கும்பிட்டாள். லாபரட்டரி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. முந்தின பத்து நாள் ரிப்போர்ட்டுகளை அற்புதசாமி ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினார். ஒருவர் மட்டும் ஊருக்குப் போய்விட்டிருந்தார். அவருக்குப் போட்ட கார்டுக்குப் பதில் வரவில்லை. அது அற்புதசாமிக்குக் கடைசிவரை உறுத்தியது.

ஓய்வு பெற்ற 1968 வரை, காலையில் முதல் கண்ணாடியில் தன் பல்லைச் சுரண்டித் தடவி, இரண்டு நிறமும் தெரிந்த பிறகே நோயாளியின் கண்ணாடியைத் தொட்டார். பாலை ஓடவிட்டுப் பார்ப்பதும் செருப்பைப் புரட்டுவதும் நிற்கவில்லை. பாட்டிலில் மட்டும் கோடு போடுவதை விட்டார்.

"கோடு போடுங்க சார், பரவாயில்லை" என்று காத்தமுத்து அவ்வப்போது சீண்டுவான். "இப்ப நல்ல மூடி இருக்கு."

"மூடி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, அதை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வார்.