துட்டி வீட்டில் கேட்ட பாடம்

என் வீட்டுக்காரர் இறந்து பதினாறு கழிவதற்குள் நடந்தது இது. எங்கள் ஊர்ப்பக்கம் சாவு விழுந்த துட்டி வீட்டில் அதுவரை டிவி, பாட்டு எதன் சத்தமும் கேட்கக் கூடாது. நான் பாயில் ஒடுங்கிக் கிடந்தேன். எனக்கு எப்போதுமே நாலு பேர் முன்னால் பேச்சு வராது.

மருமகள் மூலையில் காதில் வயரை மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத இன்டர்நெட்டில் தமிழிலேயே சொல்லித் தருகிறார்களாம். மறுநாள் திருவனந்தபுரத்தில் வேலைக்குப் பரீட்சை. மகனுக்குத் துபாய் வேலை போய்விட்டது. அவளுக்குக் கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, எங்க அண்ணனைக் கொண்டு எரிச்ச சூடு ஆறல்ல. அதுக்குள்ள ஒனக்குப் படம் கேக்குதோ?" என்று வயரைப் பிடுங்கினாள்.

செல்போனுக்குள் இருந்த குரல் வீடெங்கும் கேட்டது. "தப்பு வந்தா பயப்படாதீங்க. எல்லாருக்கும் வரும். எந்த வரியில வந்திருக்குன்னு நிதானமா பாருங்க."

யாரோ முகம் தெரியாத வாத்தியார். அவ்வளவு பதமாக அந்த வீட்டில் யாரும் பேசி நாளாகியிருந்தது. மருமகள் அதை நிறுத்தப் போனாள்.

"நிறுத்தாத மக்கா. நீ படி," என்றேன் சத்தமாக.

"மைனி, ஒங்களுக்கும் புத்தி பெரண்டு போச்சா?" என்று நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பதினாறுக்கும் வரவில்லை.

அந்தப் பரீட்சையில் மருமகள் தேறவில்லை. அடுத்ததற்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். சொந்தம் விட்டுப்போனது எனக்கு உறுத்தல்தான். ஆனால் அதைவிட, நான் ஊர் கேட்கப் பேசிய அந்த ஒரு நாளில் கேட்பதற்கு என் வீட்டுக்காரர் இல்லையே என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.