விரலுக்கு எட்டும் பிரேக்

என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய பழைய ரேஸ் சைக்கிளைத் துடைத்துக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினான். இதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் புதிது வாங்கிக்கொள்கிறேன் என்றான். தானம் கொடுக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். நான் முதலில் பார்த்தது அதன் சீட்டைத்தான். கறுப்புச் சீட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. எல்லாம் அவன் வியர்வை. கிட்டே போனால் ஈரச் சாக்கு மாதிரி வாடை. பெற்ற பிள்ளைதான், பீ மூத்திரம் அள்ளியவள்தான் நான். இருந்தாலும் நாற்பது வயது ஆம்பிளை வேர்த்து ஊற்றிய இடத்தில் உட்கார எனக்கு உடம்பு கூசியது.

சைக்கிள் வேண்டும் என்று கேட்டவள் நான்தான். ஜார்ஜ்டவுன் சூலியா தெருப் பக்கம், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து பூக்கட்டி விற்றுத்தான் பிழைத்தேன். முட்டி தகராறு செய்ய ஆரம்பித்ததும் கடையை விட்டேன். நடப்பதைவிடச் சைக்கிள் மிதிப்பது முட்டிக்கு நல்லது என்று கிளினிக்கில் சொன்னார்கள். கடற்கரையில் வாடகைக்கு விடுகிற சைக்கிளில், அறுபது வயதுக்கு மேல், விழுந்து எழுந்து நானாகவே பழகினேன். யாரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வரவில்லை.

அங்கேதான் அந்தச் சீனத்தியைப் பார்த்தேன். என் வயது இருக்கும், தலை பஞ்சாக நரைத்திருந்தது. மெல்லிய சக்கரம், ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த கைப்பிடி, கூடையும் கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது. ஒரு சத்தம் இல்லாமல் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நான் ஏறியிருந்த வாடகைச் சைக்கிள் தகர டப்பா மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அந்த மாதிரி ஒன்று எனக்கும் வேண்டும், புதிதாக வேண்டும், என் காசில் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆசை சைக்கிள் மேல்தானே தவிர, அதை ஓட்டுகிற கூட்டத்தின் மேல் இல்லை. என் மகனும் அவன் கூட்டாளிகளும் ஞாயிறு காலையில் சுற்றிவிட்டு மாமாக் ரொட்டிக் கடையில் வந்து உட்காருவார்கள். தோலோடு ஒட்டிய சட்டை, தோலோடு ஒட்டிய கால்சட்டை. எழுந்து போனால் நாற்காலியில் ஈரம் தெரியும். அடுத்து வருகிறவன் அதிலேதான் உட்கார்ந்து ரொட்டி தின்ன வேண்டும். அந்தக் கால்சட்டைக்கு உள்ளே ஒன்றும் போடக் கூடாதாம், போட்டால் தொடை உராயுமாம். என் மகன் இதை என்னிடம் பாடம் மாதிரிச் சொன்னான். ஓடுகிற சைக்கிளிலேயே ஒரு பக்கத்து மூக்கை அடைத்து மறுபக்கம் சிந்துவார்கள். பின்னால் வருகிறவன் முகம் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

அவன் சைக்கிளில் ஏறியும் பார்த்தேன். பார்க்காமல் வேண்டாம் என்று சொன்னதாக இருக்கக் கூடாது. சுரிதாரோடு கால் போட்டு நின்றால் குறுக்குக் கம்பி மேலே வந்து இடித்தது. அது போகட்டும். வளைந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பிரேக்கைத் தொட நீட்டினால், நகம்தான் தொட்டது. விரல் எட்டவில்லை. பழகிவிடும் மா என்றான்.

"நான் பழகற வரைக்கும் லாரிக்காரன் நிப்பாட்டி வெச்சிருப்பானா?" என்று கேட்டேன்.

பிறகு மருமகள்தான் மெதுவாகச் சொன்னாள். பழையது வீட்டை விட்டுப் போனால்தான் புதியது உள்ளே வரலாம் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். இவன் தள்ளிவிட ஒரு இடம் தேடியிருக்கிறான். நான் அகப்பட்டேன்.

சரி, கடைக்காவது கூட்டிப்போ என்றேன். ஜார்ஜ்டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரன் எனக்குக் காட்டியது ரோஸ் நிறத்தில் கூடை வைத்தது. எனக்கு வேண்டியது அது இல்லை என்று கையால் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் என் பக்கமே திரும்பவில்லை. சக்கரம், எடை, கியர் எல்லாவற்றையும் என் மகனிடமே இங்கிலீஷில் சொன்னான். இவனும் தலையை ஆட்டிக்கொண்டு, தனக்கு வாங்கப் போவதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிள் வாங்க வந்தவள் குடை மாதிரி ஓரமாக நின்றேன். இனி இவனோடு போவதில்லை என்று வெளியே வந்தேன்.

கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் நம்ம ஆள் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்று கோயிலில் கேள்விப்பட்டிருந்தேன். அடுத்த நாள் காலை ஃபெர்ரியில் தனியாகப் போனேன். நான் போய்ச் சேரும்போதுதான் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். சாமி படத்துக்கு ஊதுபத்தி புகைந்தது. பசியாறிட்டீங்களா அக்கா என்று கேட்டு நாற்காலி போட்டார். மனிதர் பரவாயில்லை என்று நினைத்தேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். சிவப்பில் பளபளவென்று ஒன்றை உருட்டி வந்தார். நல்ல அழகு, பொய் சொல்ல மாட்டேன். கால் போட்டு நின்றேன். கம்பி இடித்தது. கைப்பிடியைப் பிடித்தேன். மறுபடியும் நகம்தான். பெரிதாக இருக்கிறதே என்றேன். சீட்டை இறக்கிவிடலாம் என்றார். சீட்டு இறங்கினால் கம்பி இறங்குமா, பிரேக் கிட்டே வருமா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்கதான் க்கா முதல் கை. இன்னும் போணி ஆவல. வெறுங்கையோட போயிடாதீங்க."

வியாபாரம் செய்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். காலையில் முதலில் வருகிறவள் பூவைப் புரட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, வாங்காமல் போனால் அன்றைக்குக் கடை படுத்துவிடும். முதல் காசைக் கண்ணில் ஒற்றி, பூக்கூடையைத் தொட்டு வைத்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் பேசுவேன். முதல் கையாக வந்து வாங்காமல் போனவர்களை மனதுக்குள் என்ன என்ன திட்டியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். இப்போது நான் முதல் கை. வாசல் திறந்துதான் இருந்தது, ஆனால் என் கால் நகரவில்லை. கை தானாகப் பைக்குள் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிரேக் எட்டாத அந்தச் சிவப்புச் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து, எந்தச் சந்திலாவது மோதிக் கிடந்திருப்பேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். என் கை பைக்குள் போனதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மெல்லிய சிரிப்பு. அப்போதுதான் எனக்கு அருவருப்பு வந்தது, மகனுடைய சீட்டைப் பார்த்தபோது வந்ததைவிட அதிகமாக. எந்தச் சீனனிடமும் எந்த மலாய்க்காரனிடமும் இதை அவர் சொல்லியிருக்க மாட்டார். நமக்கு உறுத்தும் என்று தெரிந்து, சாமி படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, விரல் எட்டாத சைக்கிளை என் தலையில் கட்டுகிறார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்ன மணிகள் இருந்தன. ஒன்று கொடுங்கள் என்றேன். அது சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கு என்றார். இருக்கட்டும் என்று காசை வலது கையால் நீட்டினேன். வாங்கினார். அவரை அறியாமலே கை கண்ணுக்குப் போய் ஒற்றிக்கொண்டது. பிறகு காசை மேசைக்குள் போட்டார்.

"போணி ஆச்சா தம்பி?"

"ஆச்சி க்கா."

"இப்பப் பேசலாம். என் கைக்கு ஏத்தது உள்ள இருக்கா, இல்லியா?"

பிறகு கொக்கி வைத்த கழியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கூரையோரத்தில் தொங்கிய ஒன்றை இறக்கினார். ஒட்டடை, பல்லி எச்சம், அதற்கு மேல் தூசி. துடைக்கத் துடைக்க நிறம் தெரிந்தது. காறித் துப்பிய சளிக்கு ஒரு நிறம் உண்டே, மஞ்சளும் இல்லாமல் பச்சையும் இல்லாமல், அதேதான். வாங்கிப் போட்டேன், நிறத்தைப் பார்த்துவிட்டு ஒருவரும் தொடவில்லை, அதனால்தான் உங்களுக்குக் காட்டவில்லை என்றார். எனக்கு வாய்க்குள் எச்சில் ஊறியது, துப்புவதற்கு.

ஆனால் கால் போட்டு நின்றேன். கம்பிக்கும் எனக்கும் நடுவில் இடம் இருந்தது. வளைந்த கைப்பிடியைப் பிடித்து விரலை நீட்டினேன். இரண்டு விரலும் பிரேக்கைச் சுற்றி மடங்கின. பின்சந்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு பக்கம் சாக்கடை, அதில் மீன் கழுவிய தண்ணீர். அந்த நாற்றத்துக்குள் ஓட்டிப் போய்ச் சட்டென்று அழுத்தினேன். நின்றது. திரும்பி வந்து இன்னொரு தடவையும் அழுத்தினேன். அப்போதும் நின்றது.

கடைக்காரருக்கு மனசு ஆறவில்லை. "செவப்புதான் க்கா ஒங்களுக்கு அழகா இருக்கும்" என்றார்.

"நான் என்ன போட்டோ புடிக்கவா ஏறப் போறேன்?"

காசைக் கொடுத்து, சளி நிறச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஃபெர்ரிக்கு வந்தேன். மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் கடலைப் பார்த்தேன்.

வீட்டில் மகன் சைக்கிளைச் சுற்றி வந்தான். இந்த நிறத்தை எங்கே பிடித்தீர்கள், பார்த்தாலே வாந்தி வருகிறது என்றான். எனக்கும்தான் வந்தது என்றேன். குனிந்து கம்பியைப் பார்த்தான், பிரேக்கை அழுத்திப் பார்த்தான், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தான். குற்றம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வாங்க மா என்றான். உங்கள் கூட்டம் மூக்குச் சிந்துவதை நிறுத்தட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவன் பழைய சைக்கிள் இன்னும் வீட்டிலேதான் நிற்கிறது. மருமகள் அசையவில்லை.

இப்போது விடிந்ததும் கடற்கரைப் பக்கம் தனியாகப் போகிறேன். போன வாரம் நிறுத்தியிருந்த காரிலிருந்து ஒருவன், பின்னால் பார்க்காமல், கதவைத் திறந்துவிட்டான். இரண்டு விரலால் அழுத்தினேன். கதவு என்மேல் படுவதற்கு முன் நின்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்து முகத்தைச் சுளித்தான். சீ, உன் மூஞ்சிக்கு இது தேவலாம் என்று சொல்லிவிட்டு மிதித்தேன். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்கு அந்த நிறம் கண்ணில் படுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.