காசிலிங்கம் வீட்டுக் கொசுறு

மளிகைக் கடையில் தராசு பிடிப்பது கலெக்டர் உத்தியோகத்துக்கு ஒரு படி மேல் என்பது காசிலிங்கத்தின் எண்ணம். இருபத்தெட்டு வருஷமாகத் தூத்துக்குடிக் கடைத்தெருவில் அதே கடை, அதே தராசு. முள் நடுவில் நிற்காமல் ஒரு மிளகாய் வற்றல்கூட அவர் கையை விட்டுப் போனதில்லை. அதுவரைக்கும் சரி. உலகச் சண்டைக் காலத்தில் அரிசிக்கு ரேஷன் வந்ததும், கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய தராசை முதலாளியிடம் கேட்டு வாங்கி, வீட்டு அடுப்படி உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டார் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது அவர் பெண்டாட்டி முத்துக்கனிக்குச் சனி.

காலையில் அரிசியை அளந்து கொடுத்துப் பெட்டியைப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு கடைக்குப் போவார். மத்தியானம் வந்ததும் வெந்த சோறு தராசில் ஏறும். ஒரு பக்கம் படிக்கல், மறுபக்கம் வாழையிலைத் துண்டில் சோறு. “ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்ளா” என்பார். ஆறு எங்கே, வயிறு எங்கே? கேட்டால் கோபம் வரும்.

இந்த லட்சணத்தில் ஒரே மகள் சண்முகவடிவு தலைப்பிரசவத்துக்கு உடன்குடியிலிருந்து வந்து சேர்ந்தாள். வயிறு வந்தது, பெட்டி வந்தது; பேர் மட்டும் மாமியார் வீட்டு ரேஷன் கார்டிலேயே தங்கிவிட்டது. காசிலிங்கம் அசரவில்லை. இரண்டு பேர் சோற்றை மூன்றாகப் பங்கு வைத்தார். ஆளுக்குப் பத்துப் பலம்.

“புள்ளத்தாச்சிக்கும் பத்தா?” என்றாள் முத்துக்கனி.

“வயித்துல இருக்கதுக்குக் கார்டு இருக்கா? வெள்ளிக்கிழமை ரேஷன் போடுததுக்கு முன்னால பெட்டி காலியானா எங்கன போய் நிக்க?”

முத்துக்கனி தன் பங்கை மகள் வட்டிலில் தள்ளப் பார்த்தாள். அதற்கும் தடை. “நீ மயங்கி விழுந்தா பேறுகாலம் பாக்கது யாரு? அவவ பங்க அவவ தின்னணும்” என்று, அவள் கடைசிப் பருக்கை விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். அக்கறையாம்!

சண்முகவடிவு வட்டிலை வழித்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தாள். “வயிறு நிறஞ்சிட்டும்மா” என்றாள். பெற்றவளிடமா இந்தப் பொய்?

மறுநாள் காலையில் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க முத்துக்கனி கடைக்குப் போனாள். பக்கத்துத் தெருக் கிருபை பொரிகடலை வாங்கிக்கொண்டிருந்தாள். முள் நடுவில் நின்றது. பொட்டலமும் கட்டியாயிற்று. கிருபை நகரவில்லை.

“அண்ணாச்சி, கொசுறு!”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை மட்டும் மூட்டைக்குள் போய் ஒரு பிடி அள்ளி அவள் முந்தியில் போட்டது. நிறுத்ததற்குமேல் ஒரு பிடி கொடுக்காவிட்டால் இந்த ஊரில் எந்தக் கடைக்காரன் பிழைப்பான்? முத்துக்கனி வீடு திரும்பும்வரை அந்தக் கையையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் மூன்று பங்கும் நிறுத்தாயிற்று. மகளின் வட்டிலை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். மானத்தையும் மரியாதையையும் அடுப்பில் போட்டுவிட்டு, கடைவாசல் குரலில் கேட்டாள்:

“அண்ணாச்சி, கொசுறு!”

கட்டின புருஷனை அண்ணாச்சி என்றால் உலகம் இடிந்துவிடாதா? இடியவில்லை. அவர் கை பானைக்குள் போய் ஒரு பிடி அள்ளி வட்டிலில் போட்டது. சூடு உறைத்த பிறகுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது. சண்முகவடிவு சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தியை வாயில் வைத்துக்கொண்டாள்.

“ஏளா! ராத்திரிக்கு வச்ச சோத்துல கைய வைக்க வச்சிட்டியே! இது யாரு பங்குல சேரும்?”

“கடையில கொசுறு யாரு பங்கு?”

“மொதலாளி பங்கு.”

“இந்த வீட்டுக்கு மொதலாளி யாருன்னு நீங்களே சொல்லுங்க.”

எத்தனை வருஷமாக மார்தட்டிச் சொன்ன பதில்! இன்றைக்கு அதுவே வினையாயிற்று. அள்ளிய சோற்றுக்கு ஈடாகத் தன் வட்டிலிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் அவள் குரலைத் தயார் செய்துகொண்டு நின்றாள். தேவைப்படவில்லை. தன் பங்கிலிருந்து அள்ளி அவரே மறுபடி தராசில் வைத்தார். கொசுறையும் நிறுத்துப் போடுகிற கடைக்காரர் தென்சீமையிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். முள் நடுவில் நின்றதும் இலையை எடுத்து மகள் வட்டிலில் கவிழ்த்தார்.

“ஏளா, இதயும் தின்னு” என்றார், மகள் முகத்தைப் பார்க்காமல்.

முத்துக்கனி படிக்கல்லைப் பார்த்தாள். நாலு பலம். அவள் கேட்டது ஒரு பிடி. அது ரெண்டு பலத்துக்கு மேல் போகாது. “பாவி மனுஷா” என்று மனசுக்குள் வைதாள். கண் நிறைந்துவிட்டது.

அவர் மீதி ஆறு பலத்தைப் பிசைந்து தின்றுவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார்.

“வயிறு நிறஞ்சிட்டு” என்றார்.